கதவைத் தட்டினால் தப்பு, தட்டாமல் பார்த்தால்?

போன தீபாவளி முடிந்து பனியன் கம்பெனிகள் எல்லாம் திறந்த வாரம். காலையில் பல் விளக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறேன். ஒரு போலீஸ்காரர் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். மரியாதையான ஆள்தான்.

"அண்ணா, உங்க கேமரா ரோட்டைப் பாத்துதானுங்க இருக்குது?"

"ஆமாங்க."

"அதைக் கொஞ்சம் லெப்ட்ல திருப்பி விட்டீங்கன்னா எதுத்தாப்பல லைன் வீட்டு கேட் தெரியும். கடைசி வீட்டுக்கு யார் வர்றாங்க, போறாங்கன்னு பாக்கணும். ஆப் லாகின் மட்டும் குடுத்துருங்க. யாருகிட்டயும் சொல்லிக்க வேண்டாம்."

நான் கொடுத்தேன். கையில் பிரஷ்ஷோடு ஏணி போட்டு ஏறி, கேமராவைத் திருப்பி, பாஸ்வேர்டையும் சொல்லிவிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. ஏதாவது எழுத்தில் இருக்கா என்றும் கேட்கவில்லை. இருபது வருஷமாக சாப்ட்வேர் எழுதுகிறவன். ஆபீஸில் ஒரு டேட்டாபேஸுக்கு யாராவது பாஸ்வேர்டு கேட்டால் மூன்று பேர் அப்ரூவல் கேட்கிற ஆள்.

அந்தக் கடைசி வீட்டில் இருப்பவர் ஒரு பவர் டேபிள் டெய்லர். பழைய வழக்கு ஒன்று இருந்து விடுதலை ஆனவர் என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். கேட்டில் அசைவு தெரிந்தாலே என் போனில் 'டிங்' என்று மெசேஜ் வரும். இரண்டே வாரத்தில் அவர் நைட் ஷிப்ட் முடித்து எத்தனை மணிக்கு வருகிறார், பெண்ணை டியூஷனுக்கு யார் கூட்டிப் போகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்க எப்போது கிளம்புகிறார் எல்லாம் எனக்கு மனப்பாடம். அவருக்கு அது எதுவும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறுத்தியது. போலீஸ் அந்த வீட்டுக்குள் நுழைந்து தேட வேண்டும் என்றால் சட்டம் ஏகப்பட்ட நிபந்தனை வைத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 165-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 185. வாரன்ட் இல்லாமல் தேடினால், ஏன் தேடுகிறேன் என்று அதிகாரி எழுதி வைக்க வேண்டும், அதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். அக்கம்பக்கத்தார் சாட்சி வேண்டும், இப்போது வீடியோவும் எடுக்க வேண்டும். இத்தனையும் வீட்டுக்காரர் கண் முன்னால் நடக்கிற சோதனைக்கு. அவருக்குத் தெரியாமல் வெளியே இருந்து பார்ப்பதற்கு என்ன காகிதம் வேண்டும்? இந்தக் கேள்வியோடு படிக்க ஆரம்பித்தேன். படித்ததன் சுருக்கம்தான் இந்தப் பதிவு. சட்டப் படிப்பு எனக்குக் கிடையாது, வெறும் பி.இ. தான்.

ரேகை

முதலில் இதைச் சொன்னது எங்கள் தெருவில் இருக்கிற ஒரு கட்டிங் மாஸ்டரிடம். வயது எழுபதுக்குப் பக்கம். எண்பதுகளில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைப்புத் தேடித் திருப்பூர் வந்த குடும்பம். கேட்டுவிட்டுச் சிரித்தார். "எங்க தாத்தா காலத்துல கேமராவெல்லாம் இல்ல தம்பி, ரேகைதான்."

ரேகை என்று அவர் சொன்னது குற்றப் பரம்பரைச் சட்டத்தை. 1871-ல் வட இந்தியாவில் தொடங்கியது. 1911-ல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியையோ கூட்டத்தையோ 'குற்றப் பரம்பரை' என்று அரசு அறிவித்துவிட்டால், அந்த அறிவிப்பைக் கோர்ட்டில் கேள்வி கேட்க முடியாது. அதில் பிறந்த ஆண்கள் பெயரைப் பதிந்து கைரேகை வைக்க வேண்டும். இரவில் ஸ்டேஷனிலோ குறிப்பிட்ட இடத்திலோ ஆஜராக வேண்டும், வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் கள்ளர்கள் இந்தப் பதிவுக்கு மறுத்து நின்றபோது போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்ததாக ஊர் நினைவுச் சின்னம் வைத்திருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1947-லும், நாடு முழுக்க 1952-லும் அந்தச் சட்டம் ரத்தானது. ஆனால் 1948-லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் வந்துவிட்டது. ஸ்டேஷன் நோட்டுப் புத்தகங்களும் நின்றுவிடவில்லை. ஹிஸ்டரி ஷீட், ரவுடி ஷீட் எல்லாம் இன்றைக்கும் இருக்கின்றன. நாம் சாதாரணமாகத் திட்டுகிற 'கேடி' என்ற சொல்லே, போலீஸ் பதிவேட்டில் இருந்த 'நோன் டெப்ரடேட்டர்' என்பதன் முதலெழுத்துகள்தான் என்பார்கள்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் இங்கே கவனியுங்கள். ரேகைச் சட்டம் எவ்வளவு அநியாயமானதாக இருந்தாலும், அது ஒரு சட்டம். யாரைக் கண்காணிக்கிறார்களோ அவருக்கு அது தெரியும். எதிர்த்து நிற்கவாவது ஒரு பொருள் இருந்தது. பெருங்காமநல்லூர்க்காரர்கள் எதிர்த்து நின்றதும் அதனால்தான். சுதந்திரத்துக்குப் பிறகு கண்காணிப்புக்கு அந்த முகமும் இல்லாமல் போனது.

கரக் சிங் வீட்டுக் கதவு

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை 1941-ல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவர் பெயரில் ஹிஸ்டரி ஷீட் திறந்தாயிற்று. அதன் பிறகு வருஷக்கணக்கில் ராத்திரி நேரத்தில் போலீஸ்காரரும் ஊர்ச் சௌகிதாரும் வந்து கதவைத் தட்டுவார்கள், கூப்பிட்டு எழுப்புவார்கள், சில நேரம் உள்ளேயும் வருவார்கள். வெளியூர் போனால் சௌகிதாரிடம் சொல்ல வேண்டும். அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

போலீஸ் காட்டியது உ.பி. போலீஸ் ஒழுங்குமுறையின் 236-ஆவது விதி. கண்காணிப்பு என்றால் என்னென்ன என்று அதில் ஆறு அம்சங்கள். முதலாவது, சந்தேக நபரின் வீட்டையோ வீட்டுக்குப் போகும் வழியையோ மறைந்திருந்து காவல் பார்ப்பது. இரண்டாவது, இரவில் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது. மற்ற நான்கும் அவருடைய பழக்கம், சகவாசம், வருமானம், செலவு பற்றி விசாரிப்பது, போக்குவரத்தைக் குறிப்பெடுப்பது, அதைச் சரிபார்ப்பது, எல்லாவற்றையும் ஷீட்டில் ஏற்றுவது.

முதல் அம்சத்தை இன்னொரு தடவை படியுங்கள். 'வீட்டுக்குப் போகும் வழி.' நான் கேமராவைத் திருப்பி வைத்தது அங்கேதான்.

1962 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் என். ராஜகோபால அய்யங்கார், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போனவர். இந்தியாவின் பேடன்ட் சட்டத்துக்கு அடிப்படையான 1959 அறிக்கையை எழுதியவரும் இவரே. நம் ஊரில் மருந்து மலிவாகக் கிடைத்ததில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு.

அவர் முதலில் ஒரு முக்கியமான விஷயத்தைச் சொன்னார். இந்த விதிகள் சட்டம் கிடையாது. சட்டமன்றம் இயற்றியதல்ல, எந்தச் சட்டத்தின் கீழும் போட்டதல்ல, இலாகா தன் ஆட்களுக்குக் கொடுத்த வழிகாட்டல் மட்டுமே. எனவே இதில் எதுவாவது அடிப்படை உரிமையைத் தொட்டால், 'சட்டப்படி செய்தோம்' என்று அரசு தப்பிக்க முடியாது. இதன்படி ராத்திரி கதவு தட்டுவது அடிபட்டுப் போனது. வீட்டுக்குள் அத்துமீறி வந்து தூக்கத்தைக் கெடுப்பது தனிமனித சுதந்திரத்தைப் பறிப்பது என்றது கோர்ட்.

மீதி ஐந்து அம்சங்கள்? அவை பிழைத்துக்கொண்டன. மறைந்திருந்து பார்ப்பதால் அவர் நடமாட்டம் தடைபடவில்லை. பார்க்கப்படுவது தெரிந்து அவர் மனம் சங்கடப்பட்டால் அது அவருடைய தனிப்பட்ட உணர்ச்சி. நேரடியாக, கண்கூடாக ஒரு தடை இருந்தால்தான் உரிமை மீறல். அந்தரங்க உரிமை என்று ஒன்றை நம் அரசியலமைப்பு தரவில்லை. பெரும்பான்மையின் வாதம் இதுதான்.

ஆக, சத்தம் போட்டுத் தட்டினால் தப்பு. சத்தம் போடாமல் பார்த்தால் தப்பில்லை. எந்தக் கண்காணிப்பு ஆளுக்குத் தெரியாமல் நடக்கிறதோ, எதை எதிர்த்துக் கேஸ் போடக்கூட வழியில்லையோ, அதற்குத்தான் எந்தச் சட்டமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது.

இதை மறுத்து எழுதியவர் கே. சுப்பா ராவ், அவரோடு ஜே.சி. ஷா. சுப்பா ராவும் பழைய சென்னை வக்கீல்தான், ராஜமுந்திரிக்காரர். உடம்பைக் கட்டிப் போடுவது மட்டும் தடை இல்லை, மனத்தைக் கட்டிப் போடுவதும் தடைதான் என்றார் அவர். போலீஸ் கண் பின்னாலேயே வருகிறது என்று தெரிந்தவன் எங்கே நடந்தாலும் அது சுதந்திரமான நடை இல்லை, அவனுக்கு நாடே சிறை. 236-ஆவது விதி முழுவதும் செல்லாது என்பது அவர் முடிவு. ஆனால் அவர் பக்கம் இருந்தது இரண்டு பேர். எதிர்ப்பக்கம் நான்கு பேர்.

போனுக்கு வந்த காகிதம்

அரசாங்கங்களுக்கு இந்தத் தீர்ப்பில் ஒரு பாடம் இருந்தது: விதிக்குப் பின்னால் ஒரு சட்டத்தைக் காட்டினால் போதும். 1975-ல் மத்தியப் பிரதேச அரசுக்கு எதிரான கோவிந்த் வழக்கில் அதுதான் நடந்தது. அங்கே அதே மாதிரி விதிகள் 1861 போலீஸ் சட்டத்தின் கீழ் போடப்பட்டிருந்தன. எனவே இரவு வீட்டுக்கு வருவதும் தப்பியது. ஆனால் தீர்ப்பு எழுதிய கே.கே. மாத்யூ அந்தரங்கம் என்ற உரிமைக்கு லேசாகக் கதவு திறந்து வைத்தார். சமூகத்துக்கு உண்மையிலேயே ஆபத்தான ஆட்கள் மீது மட்டுமே இதைப் பயன்படுத்த வேண்டும் என்றும், இந்தப் பழைய விதிகளைத் திருத்துவது நல்லது என்றும் சொன்னார்.

வீட்டைவிட டெலிபோனுக்குத்தான் முதலில் ஒழுங்கான காகிதம் கிடைத்தது. 1885 தந்திச் சட்டம், பிரிவு 5(2). பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு, இந்த இரண்டில் ஒன்று இருந்தால்தான் ஒட்டுக்கேட்கலாம். அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட விவகாரத்தை பி.யு.சி.எல். அமைப்பு உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு போனது. தீர்ப்பு வந்தது 1996 டிசம்பர் 18. கரக் சிங் தீர்ப்பு வந்து சரியாக 34 வருஷம், அதே தேதி.

உள்துறைச் செயலாளர்தான் உத்தரவிட வேண்டும். உத்தரவு இரண்டு மாதத்துக்குத்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதம். ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்க்க வேண்டும். நீதிபதியிடம் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் கோர்ட் ஏற்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்கள்: பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்பவை ரகசியமான நிலைமைகள் அல்ல, சாதாரண மனிதனுக்கே வெளிப்படையாகத் தெரிய வேண்டியவை. இப்போது 2023 தொலைத்தொடர்புச் சட்டமும் 2024 டிசம்பரில் வந்த விதிகளும் இதே அமைப்பைத்தான் தொடர்கின்றன.

சரி, போனில் பேசினால் இவ்வளவு பாதுகாப்பு. அதே ஆள் வீட்டுக்குள் உட்கார்ந்து பெண்டாட்டியிடம் நேரில் பேசினால்? மகாராஷ்டிரத்தின் 1999 'மோக்கா' சட்டம் வாய்ப்பேச்சை ஒட்டுக்கேட்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அதற்கு அனுமதி முறையையும் வைத்திருக்கிறது. 2008-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. தந்திச் சட்டமும் அதன் வாரிசும் பேசுவது கம்பியிலும் அலையிலும் போகும் செய்தியைப் பற்றி மட்டும். வீட்டுச் சுவரில் ஒரு மைக், எதிர்வீட்டில் ஒரு கேமரா என்றால் யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை.

இதே ஓட்டை பிரிட்டனிலும் இருந்தது. அங்கே 1993-ல் ஒரு வீட்டில் போலீஸ் ரகசியமாக ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தது. அதில் பதிவான பேச்சை வைத்து, அங்கே வந்திருந்த கான் என்பவருக்குப் போதைப்பொருள் வழக்கில் தண்டனை கிடைத்தது. போலீஸ் கையில் இருந்தது உள்துறையின் 1984 வழிகாட்டல் மட்டுமே, சட்டம் இல்லை. உ.பி. விதிகள் மாதிரியேதான். 2000 மே மாதம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இது அந்தரங்க உரிமை மீறல் என்றது. அதற்குள் பிரிட்டன் 1997 போலீஸ் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. குடியிருக்கும் வீடு என்றால், அவசர நேரம் தவிர, உயர் நீதிபதி அந்தஸ்தில் உள்ள ஆணையர் ஒருவர் முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும் என்று ஆனது. போலீஸ் ரகசியமாகப் பார்க்கலாம், கேட்கலாம். ஆனால் போலீஸ் அல்லாத ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டின் சாரமே அதுதான் என்று நினைக்கிறேன். கண்காணிக்கப்படுபவருக்குச் சொல்ல முடியாது, சொன்னால் காரியம் கெட்டுவிடும், நியாயம்தான். அப்படியென்றால் அவருக்குப் பதிலாகக் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் தொழிலில் இதை 'லாக்' என்போம். ரகசியமாக இருக்கலாம், பதிவு இல்லாமல் இருக்கக் கூடாது.

2017-ம் அதன் பிறகும்

கரக் சிங் தீர்ப்பின் அந்தப் பாதி 55 வருஷம் உயிரோடு இருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்தரங்க உரிமையே இல்லை என்றால் எந்த உரிமையை வைத்துக் கதவு தட்டுவதை ரத்து செய்தீர்கள் என்று பழைய தீர்ப்பின் உள்முரணைச் சுட்டிக்காட்டினார்கள். சுப்பா ராவ் இறந்து நாற்பது வருஷம் கழித்து அவர் கருத்து ஜெயித்தது. இனி அந்தரங்கத்தில் கை வைக்க ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவு வேண்டும்.

2025 ஜூனில் கேரள உயர் நீதிமன்றம், கண்காணிப்பு என்ற பெயரில் அகால நேரத்தில் ஹிஸ்டரி ஷீட் ஆட்களின் கதவைத் தட்டப் போலீஸுக்கு உரிமை இல்லை என்றது. 1962-ல் தீர்ந்துபோன சங்கதிக்கு 2025-லும் கேஸ்!

அடுத்த மாதம், ஜூலை 2 அன்று, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ஒரு லஞ்ச வழக்குக்காக 2011-ல் போன் ஒட்டுக்கேட்க மத்திய உள்துறை போட்ட உத்தரவை ரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ ஆகாது, பதிவுகளை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவும் இல்லை, எனவே அவற்றைப் பயன்படுத்த முடியாது என்றார். அதற்குச் சில நாள் முன்னால் டெல்லி உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில், பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு மாதிரி சொல்லியிருந்தது. சண்டை முடியவில்லை. ஆனாலும் போன் விஷயத்தில் சண்டை போடவாவது ஒரு உத்தரவு, தேதி, கையெழுத்து இருக்கிறது. என் கேமராவுக்கு எதுவும் இல்லை.

திரும்பவும் வாசலில்

இவ்வளவும் படித்த பிறகு பாஸ்வேர்டை மாற்றினேன், கேமராவை ரோட்டுப் பக்கம் திருப்பினேன். ஸ்டேஷனுக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். பி.என்.எஸ்.எஸ். 94-ன்படி ஸ்டேஷன் அதிகாரி எழுத்தில் கேட்டால், குறிப்பிட்ட நாளின் பதிவைக் கொடுக்க வேண்டியது என் கடமை, கட்டாயம் தருகிறேன் என்றேன். ஒருவர் வீட்டை நோக்கிக் கேமராவைத் திருப்பு என்று சொல்ல எனக்கு ஒரு பிரிவும் கண்ணில் படவில்லை என்றும் சொன்னேன். ரைட்டர் கோபப்படவில்லை. "இதுக்கெல்லாமா அண்ணா பேப்பர் கேப்பீங்க?" என்றார். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. திருடன் பிடிபட இந்தத் தெருக் கேமராக்கள் உதவியிருக்கின்றன, மறுக்கவில்லை. நாளைக்கு என் வீட்டில் திருடு போனால் நானும் முதலில் போய்க் கேட்பது எதிர்வீட்டுக் கேமராவைத்தான். என் கேள்வி கேமராவைப் பற்றியது இல்லை, காகிதத்தைப் பற்றியது.

ஒரு வேலை பாக்கி இருந்தது. அந்த டெய்லரிடம் சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அவருக்குத் தெரியாத வரைக்கும் அவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லையே, சொன்னால்தானே வலி என்று ஒரு மனசு. பிறகுதான் புரிந்தது, இது அப்படியே 1962 பெரும்பான்மைத் தீர்ப்பின் வாதம்.

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பார்த்தபோது சொல்லிவிட்டேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் டீயை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"தெரியும் சார். கேமரா திரும்பின அன்னிக்கே பாத்துட்டேன். அதான் மச்சானைக் கூட வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன். பொண்ணைச் சாயங்காலம் வெளிய விளையாட விடறதில்ல."